தத்து வந்த குழந்தையின் உடம்பும் நரம்புச் செல்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காப்பகத்தில் சில காலம் இருந்துவிட்டு ஒரு குடும்பத்துக்கு வரும் குழந்தையின் உடம்பில் என்ன நடந்திருக்கும், மூளையில் என்ன நடந்திருக்கும் என்று முறையாகப் பார்த்தவர்களில் முன்னோடி, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனா ஜான்சன். அவருடைய வேலையையும், அதையொட்டி நரம்புச் செல் ஆராய்ச்சி சொன்னவற்றையும் பற்றிப் பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. சில பதில்கள் நீளம். சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

டேனா ஜான்சன் மனநல மருத்துவரா?

இல்லை, பச்சிளங்குழந்தை மருத்துவர். குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் கிடக்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு அவருடையது. 1986-இல் தொற்றுநோய் நிபுணர் மார்கரெட் ஹாஸ்டெட்டருடன் சேர்ந்து, வெளிநாடுகளிலிருந்து தத்து வரும் குழந்தைகளுக்கென்று ஒரு கிளினிக்கை மினசோட்டாவில் தொடங்கினார். அமெரிக்காவில் அதுதான் இந்த வகையில் முதல் கிளினிக். அவர் மனநலத்திலிருந்து தொடங்காமல், எடை பார்க்கும் கருவி, அளவு நாடா, ரத்தப் பரிசோதனை என்று தொடங்கியது நல்லதாகப் போயிற்று. தத்துக் குழந்தை என்றாலே "மனசுதான் பிரச்சினை" என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

வழக்கமாகப் போகும் டாக்டர் போதாதா? தனி கிளினிக் எதற்கு?

டாக்டர் போதும், ஆனால் வழக்கமாகப் பார்ப்பது போலப் பார்த்தால் போதாது. இதைச் சொல்ல ஹாஸ்டெட்டர், ஜான்சன் குழுவினரிடம் ஓர் ஆதாரம் இருந்தது. 1991-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், தத்து வந்த 293 குழந்தைகளைப் பரிசோதித்திருந்தார்கள். 57 சதவீதக் குழந்தைகளிடம் கவனிக்க வேண்டிய நோய் ஏதோ ஒன்று இருந்தது. அப்படிக் கண்டுபிடித்தவற்றில் 81 சதவீதம் ரத்தம், மலம், தோல் பரிசோதனை போன்றவற்றால் மட்டுமே தெரியவந்தவை. ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்ததிலோ, விசாரித்ததிலோ அகப்படவில்லை.

காரணம் சாதாரணமானது. "பிறந்தபோது என்ன எடை, அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததா, மஞ்சள் காமாலை வந்ததா" என்று டாக்டர் கேட்டால், பெற்ற தாய் பதில் சொல்லுவாள். தத்தெடுத்தவர்களிடம் அதற்குப் பதில் இருக்காது. கையில் இருப்பது ஒரு ஃபைல். அதிலும் பாதி நிரப்பப்படாமல் இருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாததைப் பரிசோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ருமேனியா இந்தக் கதைக்குள் எப்படி வந்தது?

1966-இல் ருமேனியாவை ஆண்ட சௌஷெஸ்கு, நாட்டின் மக்கள்தொகையைப் பெருக்க வேண்டும் என்று கருக்கலைப்பைத் தடை செய்தார். கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமல் போயின. வளர்க்க வழியில்லாத குடும்பங்கள் பிள்ளைகளை அரசுக் காப்பகங்களில் விட்டன. 1989 டிசம்பரில் அவருடைய ஆட்சி கவிழ்ந்தபோது, அந்தக் காப்பகங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தது வெளியுலகுக்குத் தெரிந்தது. டி.வி.யில் அந்தக் காட்சிகளைப் பார்த்துவிட்டு அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஆயிரக்கணக்கான தம்பதிகள் தத்தெடுக்கக் கிளம்பினார்கள்.

அப்படி அமெரிக்கா வந்த 65 குழந்தைகளைப் பரிசோதித்து ஜான்சன் குழு 1992-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. உடல் நலமாகவும் வயதுக்கேற்ற வளர்ச்சியோடும் இருந்தவர்கள் வெறும் 10 பேர். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருந்ததற்கோ, வந்து போனதற்கோ தடயம் இருந்தது. மூன்றில் ஒரு குழந்தைக்குக் குடலில் ஒட்டுண்ணி.

காப்பகத்தில் சாப்பாடு போட்டிருப்பார்களே, பின் ஏன் குழந்தை வளரவில்லை?

ஜான்சனின் பெயர் அதிகம் அடிபடுவது இந்த விஷயத்தில்தான். காப்பகத்தில் கழியும் ஒவ்வொரு மூன்று முதல் ஐந்து மாதங்களுக்கும் குழந்தை ஏறக்குறைய ஒரு மாத உயரத்தை இழக்கிறது என்பது அவருடைய குழுவின் ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு. பதினைந்து மாதம் இருந்துவிட்டு வரும் குழந்தை, தன் வயதுப் பிள்ளைகளைவிட மூன்று முதல் ஐந்து மாதம் பின்தங்கிய உயரத்தில் இருக்கும்.

பசி ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டுமே இல்லை. ஒரு பெரிய கூடம். வரிசையாக இரும்புக் கட்டில்கள். பத்துப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு ஓர் ஆயா, அதுவும் ஷிஃப்ட் மாறினால் ஆள் மாறுவார். பால் புட்டியைத் தலையணையில் சாய்த்து வாயில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயாக வேண்டும். அழுதால் யாரும் வருவதில்லை என்று தெரிந்துகொண்ட குழந்தைகள் அழுவதை நிறுத்திவிடுகின்றன. முதன்முதலாக உள்ளே போனவர்கள் பலரும் அந்தக் கூடங்களின் அமைதியைப் பற்றித்தான் சொன்னார்கள். இப்படி நீண்ட காலம் கவனிப்பாரின்றி இருக்கும் குழந்தையின் உடம்பு வளர்ச்சி ஹார்மோனைக் குறைத்துக்கொள்ளும். கலோரி போதுமானதாக இருந்தாலும் உயரம் ஏறாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் நடந்த ஓர் ஆய்வில் (அதைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது) வளர்ச்சியை அளந்து பார்க்கும் பகுதி ஜான்சனுடையது. காப்பகத்திலிருந்து குடும்பங்களுக்குப் போன குழந்தைகள் ஓராண்டுக்குள் உயரத்திலும் எடையிலும் வேகமாக ஈடுகட்டினார்கள். எந்த வீட்டில் வளர்ப்பவர் குழந்தையின் தேவையைப் புரிந்து அன்பாக நடந்துகொண்டாரோ, அந்த வீட்டில் உயரமும் நன்றாக ஏறியது. உயரம் ஏறிய குழந்தைகளின் மொழித்திறன் மதிப்பெண்ணும் கூடவே ஏறியது. 2010-இல் வெளியான இந்த முடிவைப் படித்த பிறகு, குழந்தையின் உயரம் குறித்த அட்டையை நான் அலட்சியமாகப் பார்ப்பதில்லை. அதில் இருப்பது எலும்பின் கணக்கு மட்டும் இல்லை.

தலைச் சுற்றளவை ஏன் இத்தனை முறை அளக்கிறார்கள்?

மூளை வளர வளரத்தான் மண்டையோடு விரிகிறது. இரண்டு வயதுக்குள் மூளை பெரியவர்களின் மூளை அளவில் ஏறக்குறைய எண்பது சதவீதத்தை எட்டிவிடும். ஆகவே ஒரு சாதாரண அளவு நாடாதான் மூளை வளர்ச்சியைப் பார்க்க மிக மலிவான கருவி. புருவத்துக்குச் சற்று மேலே ஆரம்பித்து, காதுகளுக்கு மேலாக, பின்மண்டை அதிகம் துருத்தி நிற்கும் இடத்தைச் சுற்றி வர வேண்டும். கிடைக்கும் அளவுகளில் மிகப் பெரியதை எழுதிக்கொள்ள வேண்டும். நாடா நெகிழக் கூடாது. துணிக்கடை நாடா பழசானால் இழுபடும்.

ஒரே ஓர் அளவை வைத்து எதையும் சொல்ல முடியாது. மூன்று நான்கு அளவுகள் வரிசையாகக் கிடைத்தால்தான் கோடு மேலே போகிறதா, படுக்கிறதா என்று தெரியும். உயரம் அளவுக்குத் தலை அவ்வளவு எளிதாக ஈடுகட்டாது என்பதையும் அந்த புகாரெஸ்ட் ஆய்வே காட்டியது.

ஃபைலில் பயங்கரமான நரம்பு நோய்ப் பெயர் இருக்கிறது. பயப்படலாமா?

முதலில் அதை எழுதியவர் எந்த மருத்துவ மரபில் படித்தவர் என்று பாருங்கள். முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த 56 குழந்தைகளின் ஃபைல்களையும், அமெரிக்காவில் அவர்களுக்குச் செய்த பரிசோதனைகளையும் ஜான்சனும் அவருடைய சகாக்களும் ஒப்பிட்டு 1997-இல் எழுதினார்கள். பெரும்பாலான ஃபைல்களில் நரம்பு மண்டலக் கோளாறு ஒன்றின் பெயர் இருந்தது. "பிறப்பை ஒட்டிய மூளைப் பாதிப்பு" என்ற பொருளில் வரும் சொல் அங்கே ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளின் ஃபைலிலும் இருக்கும். வந்த பிறகு பரிசோதித்தால் அந்த நோய்கள் உறுதிப்படவில்லை.

நிம்மதியாக இருந்துவிடலாமா என்றால் அதுவும் இல்லை. ஃபைலில் இருந்த நோய் இல்லை; ஆனால் ஃபைலில் இல்லாத வளர்ச்சிக் குறைவுகள் பல இருந்தன.

குழந்தை பிறக்கும்போதே நரம்புச் செல்கள் இருக்கின்றனவே. அப்புறம் என்ன கெடுகிறது?

உண்மைதான். மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புச் செல்கள் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை பிறப்பதற்கு முன்பே உருவானவை. பிறந்த பிறகு நடக்கும் பெரிய வேலைகள் வேறு. ஒரு செல் இன்னொன்றோடு பேசும் இடமான சினாப்ஸுகள் ஏராளமாக முளைக்கின்றன. பயன்படாதவை பிறகு கத்தரிக்கப்படுகின்றன. நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை படர்ந்து, செய்தி வேகமாகப் போக வழி செய்கிறது.

எது தங்கும், எது கத்தரிக்கப்படும் என்பதை அனுபவம் தீர்மானிக்கிறது. இதைக் காட்டியது டேவிட் ஹ்யூபலும் டார்ஸ்டன் வீசலும் 1960-களில் பூனைக்குட்டிகளை வைத்துச் செய்த சோதனை. குட்டியின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடி வைத்துப் பிறகு திறந்தால், கண்ணில் ஒரு கோளாறும் இருக்காது, ஆனால் பார்வை இருக்காது. மூளையில் அந்தக் கண்ணுக்கான இடத்தை மற்றக் கண் பிடித்துக்கொண்டிருக்கும். வளர்ந்த பூனைக்கு அதே மாதிரி மூடினால் ஒன்றும் ஆகாது. இதற்கும் தொடர்ந்த வேலைகளுக்கும் 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. பார்வைக்கு ஒளி எப்படியோ, பேச்சுக்கும் உணர்ச்சிக்கும் ஒரு மனித முகம் அப்படி இருக்குமோ என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்பியது.

பாசம் என்பது செல்லுக்குள் எப்படிப் போகும்?

இரண்டு சோதனைகளைச் சொல்லலாம். இரண்டும் விலங்குகளில் நடந்தவை.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி தாய் எலிகளைக் கவனித்தார். சில தாய்கள் குட்டிகளை நக்கிக்கொண்டே இருக்கும். சில அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அதிகம் நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்த பிறகு பதற்றத்திலிருந்து சீக்கிரம் மீண்டன. மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் மன அழுத்த ஹார்மோனை உணரும் ஏற்பி ஒன்றின் மரபணுமீது இருந்த வேதிக் குறிகள் இரண்டு வகைக் குட்டிகளிலும் மாறுபட்டிருந்தன. அப்புறம் குட்டிகளை மாற்றி வைத்துப் பார்த்தார்கள். கண்டுகொள்ளாத தாய்க்குப் பிறந்த குட்டி, நக்கும் தாயிடம் வளர்ந்தால் வளர்த்த தாயின் வழியிலேயே போயிற்று. 2004-இல் வெளியான இதுவும் ஒருவகையில் தத்து ஆய்வுதான்.

இரண்டாவது, பாஸ்டனில் கேப்ரியல் கோர்ஃபாஸ் குழு 2012-இல் வெளியிட்டது. பால்குடி மறந்த சுண்டெலிக் குட்டிகளை உடனே இரண்டு வாரம் தனியாக அடைத்தார்கள். முன்மூளையில் மயலின் தயாரிக்கும் செல்கள் கிளைகள் குறைந்து போயிருந்தன, உறையும் மெலிந்திருந்தது. பிறகு கூட்டத்தில் சேர்த்தும் சரியாகவில்லை. அந்த இரண்டு வாரம் கழிந்த பிறகு தனிமைப்படுத்தியவற்றுக்கு இந்தப் பாதிப்பே இல்லை. எலியில் இரண்டு வாரம் என்றால் குழந்தையில் எத்தனை மாதம் என்று சிலர் கணக்குப் போட்டுக் கேட்கிறார்கள். அப்படிப் பெருக்கிப் பார்க்க முடியாது.

இரும்புச்சத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்? ரத்தசோகை இல்லை என்று சொல்லிவிட்டார்களே?

என் கணக்கில், பெற்றோர் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பார்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

உடம்பில் இருக்கும் இரும்பில் பெரும்பங்கு ரத்தத்தின் ஹீமோகுளோபினில் இருக்கிறது. இரும்பு பற்றாக்குறையாகும்போது முதல் பந்தியில் உட்காருவது ரத்தச் சிவப்பணுக்கள். மூளைக்கு அடுத்த பந்தியில்தான் இலை. மினசோட்டாவிலேயே பணியாற்றும் மைக்கேல் ஜார்ஜியெஃப் பல ஆண்டுகளாக இதைத்தான் ஆராய்ந்து வருகிறார். ஹீமோகுளோபின் அளவு சரியாக இருக்கும் நிலையிலேயே மூளைக்கு இரும்பு குறைந்திருக்கலாம். ரத்தசோகை தெரியும் அளவுக்கு வந்துவிட்டால், மூளை ஏற்கெனவே கொஞ்ச நாளாகக் குறைவில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நரம்புச் செல்லுக்கு இரும்பு எதற்கு? செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரும்பு வேண்டும். மயலினுக்குத் தேவையான கொழுப்பைத் தயாரிக்கவும் இரும்பு வேண்டும். செல்களுக்கு இடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் தயாராகும் முதல் படியில் வேலை செய்யும் நொதிக்கும் வேண்டும். கவனம், நினைவு, வேகம் என்று பள்ளிக்கூடத்தில் எதையெல்லாம் எதிர்பார்க்கிறோமோ அதற்கெல்லாம் இது அடியில் இருக்கிறது.

இப்போது ஜான்சன், ஜார்ஜியெஃப், அனிதா ஃபுகல்ஸ்டாட் குழுவினர் 2008-இல் சொன்னதைக் கேளுங்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தத்து வந்த குழந்தைகளை வந்தவுடன் ஒரு முறையும் ஆறு மாதம் கழித்து ஒரு முறையும் பார்த்தார்கள். ஆறு மாதம் நல்ல வீட்டில் நல்ல சாப்பாடு சாப்பிட்ட பிறகும் பலரிடம் இரும்பு சேமிப்பு தேறவில்லை. ஏனென்றால் குழந்தை கிடுகிடுவென வளர்கிறது. உடம்பு பெரிதாகும்போது ரத்தத்தின் அளவும் கூடுகிறது. புதிய ரத்தம் இரும்பை இழுத்துக்கொள்கிறது. குழந்தை புஷ்டியாகத் தெரிகிறது, பாட்டிக்குச் சந்தோஷம், உள்ளே இருப்பு காலி. வந்த பிறகும் இரும்புக் குறைவோடு இருந்த குழந்தைகள் அறிவுத்திறனிலும் நடத்தையிலும் பின்தங்கியதை அதே குழு பிறகு காட்டியது.

ஆகவே ஹீமோகுளோபினோடு நிறுத்தாமல், உடம்பின் இரும்பு சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள். சளி, காய்ச்சல் இருக்கும் நேரத்தில் எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். ஜியார்டியா போன்ற குடல் ஒட்டுண்ணி இருந்தால் கொடுக்கும் மருந்து சரியாக உடம்பில் சேராது. தேநீரில் பிஸ்கட் தோய்த்துக் கொடுக்கும் பழக்கமும் இரும்பு சேர்வதைக் குறைக்கும். டானிக்கை நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு உள்ள குழந்தைகளின் ரத்த அறிக்கையும் பார்வைக்கு இரும்புக் குறைவு போலவே இருக்கும். அதை டாக்டர் பிரித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

புகாரெஸ்ட் ஆய்வு என்றால் என்ன?

2000-ஆம் ஆண்டு சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகிய மூவரும் ருமேனியத் தலைநகரின் ஆறு காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்துத் தொடங்கியது. குழந்தைகளுக்கு அப்போது 6 முதல் 31 மாதம் வரை வயது. குலுக்கல் முறையில் 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். மற்ற 68 பேர் வழக்கமான பராமரிப்பிலேயே தொடர்ந்தார்கள். காப்பகத்தையே பார்க்காத 72 குழந்தைகளோடு இரு பிரிவினரையும் ஒப்பிட்டார்கள்.

நான்கரை வயதில் சராசரி அறிவுத்திறன் மதிப்பெண்: காப்பகத்தில் தொடர்ந்தவர்களுக்கு 73, குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81, சொந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு 109. குடும்பத்துக்குப் போன வயதும் முக்கியமாக இருந்தது. மூன்றரை வயதில் அளந்தபோது, 18 மாதத்துக்குள் போனவர்களின் சராசரி 94. இரண்டு வயதுக்குப் பிறகு போனவர்களின் சராசரி 80. ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் குழந்தைகள் குறைவு என்பதை மறக்கக் கூடாது.

மூளையிலும் வித்தியாசம் தெரிந்தது. எட்டு வயதில் மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஈஜி எடுத்தபோது, இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் மூளை அலைகள் சொந்த வீட்டில் வளர்ந்தவர்களின் அலைகளைப் போலவே இருந்தன. எம்ஆர்ஐ படங்களில், நரம்புச் செல்களின் உடல்கள் நிறைந்த சாம்பல் நிறப் பகுதி, காப்பகத்தில் இருந்த எல்லோருக்குமே குறைவாக இருந்தது. மயலின் நிறைந்த வெள்ளைப் பகுதியோ, குடும்பத்துக்குப் போனவர்களிடம் தேறியிருந்தது. சுண்டெலியில் பார்த்த மயலின் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் படித்தால், குழந்தையின் வெள்ளைப் பகுதி தேறுவதற்கு எலியைவிட இடம் கொடுக்கிறது என்று தோன்றுகிறது.

பாதிக் குழந்தைகளைக் காப்பகத்திலேயே விட்டது நியாயமா?

இந்தக் கேள்வியை ஆய்வாளர்களிடமும் பலர் கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். அவர்கள் சொன்ன பதில்: அப்போது புகாரெஸ்டில் வளர்ப்புக் குடும்ப ஏற்பாடே பெயரளவுக்குத்தான் இருந்தது. குடும்பங்களைத் தேடி, பயிற்சி தந்து, உதவித்தொகை கொடுத்தது இந்த ஆய்வுதான். ஆய்வு இல்லையென்றால் அந்த 68 பேரும் காப்பகத்தில்தான் இருந்திருப்பார்கள். அதோடு, ஆய்வுக்காக எந்தக் குழந்தையையும் காப்பகத்தில் பிடித்து வைப்பதில்லை என்று விதி இருந்தது. பெற்ற குடும்பமோ, தத்தெடுப்போரோ, அரசின் வளர்ப்புக் குடும்பமோ வந்தால் குழந்தை போகலாம். அப்படிப் பலர் போனார்கள்.

இந்தப் பதில் எனக்கு ஏற்புடையதாகத்தான் இருக்கிறது. ஆனாலும் குலுக்கலில் பெயர் வராத குழந்தையை நினைக்காமல் அந்த எண்களைப் படிக்க முடியவில்லை.

குழந்தை குடும்பத்துக்கு வந்துவிட வேண்டிய கெடு எது: ஆறு மாதமா, இரண்டு வயதா?

இரண்டு எண்களும் இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தவை. இங்கிலாந்தில் மைக்கேல் ரட்டர், 1990-களின் தொடக்கத்தில் ருமேனியாவிலிருந்து பிரிட்டனுக்குத் தத்து வந்த 165 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார். ஆறு மாதத்துக்குள் வந்தவர்கள் பிரிட்டனிலேயே தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளோடு ஏறக்குறைய சமமாக இருந்தார்கள்; அதற்குமேல் இருந்துவிட்டு வந்தவர்களுக்குச் சிக்கல்கள் கூடின. புகாரெஸ்டில் கோடு இரண்டு வயதை ஒட்டி விழுந்தது. காப்பகங்களின் நிலைமை வேறு, அளந்த விஷயங்கள் வேறு, மூளையின் ஒவ்வொரு திறனுக்கும் காலம் வேறு.

ரட்டர் கவனித்த குழந்தைகளை அவர்கள் பெரியவர்களான பிறகும் எட்மண்ட் சோனுகா-பார்க் தொடர்ந்தார். 2020-இல் வெளியான மூளைப் படங்களில், ருமேனியாவிலிருந்து வந்தவர்களின் மூளை மற்றத் தத்துப் பிள்ளைகளின் மூளையைவிடச் சராசரியாக 8.6 சதவீதம் சிறிதாக இருந்தது. காப்பகத்தில் கழித்த மாதங்கள் கூடக் கூட, குறைவும் கூடியது. இதைச் செய்தியாகப் போட்டவர்கள் பலர், அதே குழு 2017-இல் சொன்னதைப் போடவில்லை: ஆறு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் சிறு வயதில் குறைவாக இருந்து, இளம் வயதில் இயல்பான அளவுக்குள் வந்துவிட்டது. கவனக்குறைவும் பழகுவதில் சிக்கலும் பலரிடம் நீடித்தன என்பதும் உண்மை. அவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்கு எந்த வயதிலும் எந்தச் சிக்கலும் வரவில்லை என்பதும் உண்மை.

குழந்தை யாரைக் கண்டாலும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. நல்ல குணம்தானே?

பழகும் குணம் வேறு, இது வேறு. பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைத் திரும்பியும் பார்க்காமல் கிளம்பிவிடும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். காப்பகங்களில் இருந்து வந்த குழந்தைகளிடம் இது அடிக்கடி காணப்படுகிறது, வீட்டில் பாசமாக ஒட்டிய பிறகும் சிலரிடம் தொடர்கிறது. உங்கள் மேல் அன்பில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதுகாப்புக்கு மட்டும் கூடுதல் கண் வேண்டும். "எங்க பிள்ளை எல்லார்கிட்டயும் போகும்" என்று உறவினர்கள் மடிமாற்றி விளையாடுவதை முதல் சில மாதங்களுக்கு நிறுத்தி வைப்பது நல்லது. ஊட்டுவதும் தூங்க வைப்பதும் ஓரிருவர் கையிலேயே இருக்கட்டும்.

எங்கள் குழந்தைக்கும் மூளை ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?

டாக்டர் வேறு காரணத்துக்காகச் சொன்னால் ஒழிய வேண்டாம். மேலே சொன்னவை பல குழந்தைகளின் சராசரி. ஒரு குழந்தையின் படத்தை வைத்து அதன் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது.

கருவிலேயே நடந்த பாதிப்பை எப்படி அறிவது?

கிழக்கு ஐரோப்பியத் தத்துகளில் பெரிய கேள்வி, பெற்ற தாய் கர்ப்ப காலத்தில் குடித்தாரா என்பது. மது, உருவாகிக்கொண்டிருக்கும் நரம்புச் செல்களைச் சாகடிக்கும். செல்கள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போவதையும் குலைக்கும். சுவீடனுக்குத் தத்துப் போன 71 கிழக்கு ஐரோப்பியக் குழந்தைகளில் 52 சதவீதத்தினரிடம் மதுவால் வந்த பாதிப்பு இருந்ததாக 2010-இல் ஓர் ஆய்வு சொன்னது. மேலுதடு மெல்லியதாக இருப்பது, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் மழுங்கியிருப்பது, கண் திறப்பின் நீளம் குறுகியிருப்பது ஆகியவை முகத்தில் தெரியும் அடையாளங்கள். எல்லாக் குழந்தைகளிடமும் அவை தெரியாது. வீடு மாறினால் சரியாகிவிடும் பாதிப்பும் இல்லை இது.

தத்து வந்த பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வருவார்கள் என்கிறார்களே?

இதில் இந்தியாவுக்கு நேரடித் தொடர்பு உண்டு. சுவீடனின் உப்சாலாவில் லெம் ப்ரூஸ் 1991-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவிலிருந்து அங்கே தத்துப் போன 107 பெண்களைப் பற்றியது. அவர்கள் பூப்பெய்திய நடு வயது 11.6, சுவீடன் பெண்களைவிடவும், இந்தியாவில் வசதியான குடும்பங்களில் வளர்ந்த பெண்களைவிடவும் முன்னதாக. டென்மார்க்கில் பிற்பாடு நடந்த ஆய்விலும், வெளிநாட்டிலிருந்து தத்து வந்த குழந்தைகளிடம் மிக முன்கூட்டியே பருவமடைவது பல மடங்கு அதிகமாக இருந்தது. பட்டினிக்குப் பிறகு வரும் வேகமான வளர்ச்சிதான் இதைத் தூண்டுகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

கவலை இரண்டு. ஒன்று, எலும்பு முனைகள் சீக்கிரம் மூடிக்கொண்டு இறுதி உயரம் குறையும். இன்னொன்று, மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் அதை எப்படிச் சமாளிப்பாள் என்பது. எட்டு வயதுக்கு முன் மார்பு வளர்ச்சி தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். தள்ளிப்போட மருந்து இருக்கிறது.

பதின்ம வயதில் எல்லாம் இயல்புக்குத் திரும்பிவிடுமா?

மெகன் கன்னர், அவரும் மினசோட்டாக்காரர்தான், தத்துக் குழந்தைகளின் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைப் பல ஆண்டுகளாக எச்சிலில் அளந்து வருகிறார். காப்பகத்தில் இருந்துவிட்டு வந்த குழந்தைகளுக்கு மன அழுத்தம் வரும்போது ஏற வேண்டிய கார்ட்டிசால் ஏறாமல் மந்தமாக இருக்கும். பருவமடையும் காலத்தில் அது மறுபடி இயல்பான வேகத்துக்குத் திரும்புவதை 2019-இல் அவருடைய குழு காட்டியது. நல்ல வீட்டில் இருக்கும்போது பருவம் வந்தால், உடம்பு தன் அமைப்பைத் திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு கிடைக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் என்னென்ன பார்க்க வேண்டும்?

இதைப் பட்டியலாக டாக்டரிடம் கொண்டுபோங்கள். முழு ரத்தப் பரிசோதனையும் ஃபெரிட்டினும், ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி, சிஃபிலிஸ், காசநோய், குடல் ஒட்டுண்ணிக்கு மலப் பரிசோதனை, தைராய்டு, ஈயத்தின் அளவு. கண்ணும் காதும் கட்டாயம். பேச்சு வராத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று கடைசியில் பார்ப்பவர்களே அதிகம். தடுப்பூசி அட்டை இருந்தாலும் நம்பிவிட வேண்டாம். எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று சோதிக்கலாம், இல்லையென்றால் மறுபடி போடலாம். ஹெபடைடிஸ், எச்ஐவி, காசநோய்ப் பரிசோதனைகளை ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை செய்வது வழக்கம். கிளம்புவதற்குச் சில நாள் முன்பு தொற்றியிருந்தால் முதல் பரிசோதனையில் தெரியாது.

இதெல்லாம் எல்லாத் தத்துக் குழந்தைகளுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. ருமேனியாவின் கதை மிக மோசமான காப்பகங்களின் கதை. கொரியாவிலிருந்து அமெரிக்கா போன குழந்தைகளில் பலர் தத்துப் போகும் வரை வளர்ப்புக் குடும்பங்களில் இருந்தவர்கள். அவர்களிடம் இவ்வளவு பாதிப்பு தெரியவில்லை. 1975-இல் மைரன் வினிக் குழு, சிறு வயதில் அமெரிக்காவுக்குத் தத்துப் போன கொரியச் சிறுமிகளைப் பள்ளி வயதில் பார்த்தது. தத்துப் போகுமுன் கடுமையான ஊட்டக் குறைவில் இருந்தவர்களின் சராசரி அறிவுத்திறன் மதிப்பெண் 102, நன்றாக உண்டவர்களுடையது 112. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் பட்டினி கிடந்த பிரிவின் சராசரியும் நூறுக்கு மேலே.

தத்துக் குழந்தைகளின் அறிவுத்திறன் பற்றி வந்த 62 ஆய்வுகளை நெதர்லாந்தின் மரினுஸ் வான் ஐசண்டோர்ன், ஃபெம்மி யுஃபர் குழுவினர் 2005-இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். அறிவுத்திறன் மதிப்பெண்ணில் தத்துப் பிள்ளைகள், அதே வீட்டில் பிறந்த பிள்ளைகளோடு சமமாக இருந்தார்கள். பள்ளிப் பாடத்திலும் மொழியிலும் மட்டும் கொஞ்சம் பின்தங்கினார்கள். பள்ளியில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியரிடம் கேட்க வேண்டியது அந்தக் கூடுதல் உதவியைத்தான்.